கல்லை உடைக்கும் இரண்டு லேசர்கள்: ஹோல்மியமா, துலியமா?

நார்வேயின் பெர்கன் நகரில், சிறுநீரகக் கல்லுக்காக அறுவை அரங்குக்கு வந்த 120 பேரை மருத்துவர்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு, 1990-களிலிருந்து புழக்கத்தில் உள்ள ஹோல்மியம் லேசர். மறுபாதிக்கு, புதிதாக வந்த துலியம் ஃபைபர் லேசர். மூன்று மாதம் கழித்து சோதித்தபோது, துலியம் குழுவில் 92 சதவீதம் பேருக்குக் கல் நீங்கியிருந்தது. ஹோல்மியம் குழுவில் 67 சதவீதம்தான். 2022-ல் இந்த முடிவு வெளியானது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து, 108 பேரை வைத்து நடத்திய இன்னோர் ஆய்வு வந்தது. இங்கும் அதே இரண்டு உலோகங்களின் போட்டிதான். ஆனால் இந்த முறை ஆன நேரத்திலும் சரி, கல் நீங்கிய அளவிலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இரண்டும் ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வுகள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிட முடியாது. மருத்துவமனை விளம்பரங்கள் இயல்பாகவே முதல் ஆய்வின் பக்கம் சாய்கின்றன. ‘அதிநவீன துலியம் லேசர்’ என்று வாசலில் பலகை வைத்தால் ஆட்கள் விசாரித்து வருவார்கள். வலியில் துடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கோ, அவரைக் கூட்டிவந்த குடும்பத்துக்கோ இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கூடுதலாகப் பணம் கட்டி, ஊர் விட்டு ஊர் போய் இந்த லேசரைத் தேடிப் போக வேண்டுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அந்தப் பதில் இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உடம்புக்கு வெளியிலிருந்து அதிர்வலை பாய்ச்சிக் கல்லை நொறுக்கும் சிகிச்சையையும் பலர் ‘லேசர்’ என்றே சொல்கிறார்கள். அது லேசர் இல்லை. ஈ.எஸ்.டபிள்யூ.எல். என்ற அந்த முறை ஒலி அலையால் ஆனது; 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்டது. அதில் கருவி எதுவும் உடம்புக்குள் போவதில்லை. லேசர் சிகிச்சையில் ஒளி கல்லைத் தொடும் தூரத்துக்குப் போயாக வேண்டும். ஆகவே ஏதாவது ஒரு வழியாக உள்ளே நுழைந்துதான் செய்ய முடியும். லேசர் என்பது கல்லை உடைக்கும் கருவி மட்டும். உள்ளே போகும் வழி வேறு விஷயம். ஒரே லேசரைச் சிறுநீர் வரும் வழியாகவும் கொண்டுபோகலாம், முதுகுப் பக்கம் சிறு துளை போட்டும் கொண்டுபோகலாம். நோயாளியின் உடம்பு படும் பாட்டைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த வழிதான்.

பெரும்பாலான கற்களுக்கு வழி கீழிருந்து மேலே. சிறுநீர்த்தாரை வழியாகப் பைக்குள் நுழைந்து, அங்கிருந்து சிறுநீரகத்துக்கு ஏறும் யூரிட்டர் குழாய்க்குள், உட்புறத்தைத் திரையில் காட்டும் மெல்லிய ஸ்கோப்பைச் செலுத்துகிறார்கள். கல் அந்தக் குழாயிலேயே சிக்கியிருந்தால் வளையாத ஸ்கோப் போதும். சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தால் நுனி வளையக்கூடிய ஸ்கோப் வேண்டும். இதைத்தான் ஆர்.ஐ.ஆர்.எஸ். என்று சீட்டில் எழுதுகிறார்கள். வெட்டு இல்லை, தையல் இல்லை. ஆனால் மயக்க மருந்து உண்டு.

அந்தத் திரையில் தெரியும் காட்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இளஞ்சிவப்புச் சவ்வு, நடுவில் பழுப்பு நிறத்தில் முள்முள்ளாக ஒரு கல். ஸ்கோப்பின் உள்ளே கருவி போகும் துளை 1.2 மி.மீ. அகலம்தான். அதே துளை வழியாகத்தான் உப்புநீரும் பாய வேண்டும், லேசர் ஒளியைச் சுமக்கும் கண்ணாடி இழையும் போக வேண்டும். இழை தடித்தால் நீர் குறையும். நீர் குறைந்தால் திரை மங்கும். லேசரை இயக்கும் மிதியைக் காலால் அழுத்தியவுடன் கல்லிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பிச் சில நொடிகளுக்குக் கல்லே கண்ணுக்குத் தெரியாமல் போகும். கை அனுபவமுள்ளவர் அப்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு நீர் தெளியக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு எந்த இயந்திரத்தின் விளக்கப் புத்தகத்திலும் பெரிதாக எழுதப்படுவதில்லை. சவ்வைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அதுதான்.

ஒளி எப்படிக் கல்லை உடைக்கிறது?

1980-களின் பிற்பகுதியில் யூரிட்டர் கல்லுக்கு முதலில் பரவலாகப் பயன்பட்டது சாய லேசர். 504 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி. அது கல்லின் மேல் சிறு வெடிப்பு அலையை உண்டாக்கி உடைத்தது. சில வகைக் கற்கள் அதற்கு மசியவில்லை; முக்கியமாகச் சிஸ்டின் கல். 1990-களில் ஹோல்மியம் வந்ததும் கதை மாறியது. ஹோல்மியம் கலந்த யாக் படிகத்தை மின்னல் விளக்குகளால் தூண்டினால் ஏறத்தாழ 2,100 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி வரும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. இது வெப்பத்தால் வேலை செய்கிறது: கல்லின் மேற்பரப்பையும், கல்லின் நுண்துளைகளில் இருக்கும் நீரையும் சூடாக்கிச் சிதைக்கிறது. அதனால் எந்த வகைக் கல்லும் இதற்குத் தப்பவில்லை. கால்சியம் ஆக்சலேட், யூரிக் அமிலம், சிஸ்டின் எல்லாம் உடைந்தன. நீருக்குள் இந்த ஒளி அரை மில்லிமீட்டர் தூரம்கூடப் போகாமல் உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால், இழையின் நுனியைச் சவ்விலிருந்து சற்றுத் தள்ளி வைத்தாலே போதுமான பாதுகாப்பு. முப்பது ஆண்டுகளாக இது உலகெங்கும் முதலிடத்தில் இருந்ததற்கு இவைதான் காரணம்.

லேசர் தொடர்ந்து எரிவதில்லை. துடிப்பு துடிப்பாக வருகிறது. மருத்துவர் இரண்டு எண்களைத் தேர்ந்தெடுக்கிறார்: ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை ஜூல், நொடிக்கு எத்தனை துடிப்பு. இரண்டையும் பெருக்கினால் வாட். 1 ஜூல், நொடிக்கு 10 துடிப்பு என்றால் 10 வாட். கல் சில்லு சில்லாகப் பெயரும், அந்தச் சில்லுகளைக் கூடை போன்ற கம்பிக் கருவியால் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். 0.2 ஜூல், நொடிக்கு 80 துடிப்பு என்றால் 16 வாட். கல் தூசியாகும், அது சிறுநீரோடு தானாகப் போய்விடும் என்று விடுவார்கள். வாட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது; முடிவு அடியோடு வேறு. மிஞ்சிய சிறு துண்டுகளை ஒரு குழிக்குள் ஒதுக்கி, நடுவில் இழையை நிறுத்தி வைத்து, அவை துள்ளித் துள்ளி வந்து லேசரில் அடிபடும்படி விடும் உத்தியும் உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பாப்கார்ன்.

ஹோல்மியத்துக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு துடிப்பும் உச்சத்தில் பல ஆயிரம் வாட்டைத் தொடும். அந்த உதையில் கல் பின்னால் ஓடும். யூரிட்டரில் இருந்த கல் சிறுநீரகத்துக்குள்ளேயே ஏறிவிட்டால், அதைத் துரத்திப் பிடிக்க வளையும் ஸ்கோப்பை எடுக்க வேண்டியிருக்கும். வேலையும் நேரமும் கூடும்.

துலியம் ஃபைபர் லேசர் இந்த இடத்தில்தான் நுழைகிறது. 2005 வாக்கில் ஆய்வகத்தில் கல்லின் மேல் சோதிக்கப்பட்டு, 2020 வாக்கில் மேலை நாட்டு அறுவை அரங்குகளுக்குள் வந்தது. இதில் படிகம் இல்லை, மின்னல் விளக்கும் இல்லை. துலியம் கலந்த பல மீட்டர் நீளக் கண்ணாடி இழையை டயோடு லேசர்களால் தூண்டுகிறார்கள். ஒளி அந்த இழைக்குள்ளேயே பிறக்கிறது. அலைநீளம் 1,940 நானோமீட்டர். ஹோல்மியத்துக்கும் இதற்கும் நூற்றைம்பது நானோமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். ஆனால் நீர் ஒளியை மிக அதிகமாக உறிஞ்சும் இடம் சரியாக அங்கேதான் இருக்கிறது. ஹோல்மியத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு உறிஞ்சல். ஆகவே குறைந்த ஆற்றலிலேயே கல் தேயத் தொடங்கும். துடிப்பின் உச்சம் 500 வாட் அளவில் தட்டையாக நிற்கும், கூர்மையாக எகிறாது. ஹோல்மியம் சம்மட்டி என்றால் துலியம் அரம். அடி மெதுவாக இருப்பதால் கல் ஓடுவது குறைகிறது. தூசியும் இன்னும் மென்மையாக வருகிறது. ஒரு துடிப்புக்கு 0.025 ஜூல் வரை இறங்கலாம், நொடிக்கு 2,000 துடிப்புக்கு மேலும் ஏறலாம். ஹோல்மியத்தில் பொதுவாக 0.2 ஜூலுக்குக் கீழே போக முடியாது. ஆற்றல் மிக்க இயந்திரத்திலும் துடிப்பு 80 முதல் 120 வரைதான்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது இழையின் பருமன். ஹோல்மியம் ஒளிக்கற்றையைச் சுருக்குவதற்கு ஓர் எல்லை இருப்பதால், இழையின் உள்ளகம் 0.2 மி.மீ.க்குக் கீழே போவது கடினம். துலியத்தில் 0.15 மி.மீ. இழை அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. காகிதத்தில் அற்ப வித்தியாசம். ஆனால் 1.2 மி.மீ. துளையில் நீரோடு இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்போது இது கணக்கில் வரும். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து சேரும் சிறு குழிகளைக் கோப்பை என்பார்கள். அவற்றில் கீழே உள்ள அடிக்கோப்பையில் கிடக்கும் கல்லை எட்ட ஸ்கோப் ஏறத்தாழத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வளைய வேண்டும். தடித்த இழை உள்ளே இருந்தால் அந்த வளைவு பாதியிலேயே நின்றுவிடும்.

துலியத்துக்குப் பலவீனம் இல்லாமல் இல்லை. மிகக் கெட்டியான கல்லில் மேற்பரப்பு கருகுவதும், நுனியில் பொறி பறப்பதும் பதிவாகியிருக்கின்றன. உச்ச ஆற்றல் குறைவு என்பதால் பெரிய சில்லாகப் பெயர்க்க வேண்டிய இடத்தில் பொறுமை தேவைப்படும்.

ஹோல்மியம் தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு துடிப்பை இரண்டாகப் பிரித்து, முதல் பகுதி நீரை ஆவியாக்கி ஒரு குமிழியை உண்டாக்க, இரண்டாம் பகுதி அந்தக் குமிழி வழியாகத் தடையில்லாமல் கல்லை அடைவதுபோல் செய்தார்கள். மோசஸ் என்ற பெயரில் 2017-ல் இது சந்தைக்கு வந்தது. கனடாவின் மாண்ட்ரியாலில் 72 பேரை வைத்து, மோசஸ் வசதியோடும் அது இல்லாமலும் ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் வெளியானது. சிகிச்சை நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்துக் கல் நீங்கியவர்களின் விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. மருத்துவருக்கு வேலை எளிதாகிறது என்பதும், நோயாளிக்குக் கல் முழுதாகப் போகிறது என்பதும் ஒன்றல்ல. லேசர்களைப் பற்றிப் படிக்கும்போது நான் திரும்பத் திரும்பக் கவனிப்பது இதைத்தான். துடிப்பு முறையில் இயங்கும் துலியம் யாக் என்று மூன்றாவது வகையும் இப்போது வந்திருக்கிறது. 2,013 நானோமீட்டர், குணத்தில் மற்ற இரண்டுக்கும் இடைப்பட்டது.

அந்த இரண்டு ஆய்வுகளுக்குத் திரும்புவோம்

பெர்கன் ஆய்வின் 92, 67 என்ற எண்களைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். யூரிட்டரில் இருந்த கற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இரு லேசர்களிலும் 100 சதவீதம் வெற்றி. வித்தியாசம் முழுவதும் சிறுநீரகத்துக்குள் இருந்த கற்களில்தான்: துலியத்தில் 86 சதவீதம், ஹோல்மியத்தில் 49. ஆக, யூரிட்டரில் கல் சிக்கிய ஒருவர் துலியத்தைத் தேடி அலைவதற்கு அந்த ஆய்வே காரணம் தரவில்லை. அறுவை நேரம் சராசரியாகத் துலியத்தில் 49 நிமிடம், ஹோல்மியத்தில் 57 நிமிடம். எட்டு நிமிட லாபம்.

எண்களில் இன்னொன்றும் இருக்கிறது. ரத்தம் கசிந்து திரை மறைக்கும் அளவுக்குப் போனது ஹோல்மியத்தில் 22 சதவீதம் பேருக்கு, துலியத்தில் 5 சதவீதம் பேருக்கு. கல் நீங்கியதில் ஏற்பட்ட இடைவெளியில் இதற்கும் பங்கு இருக்கும் என்று நான் நினைக்கிறேன். பார்வை தெளிவாக இருந்தால்தான் கோப்பைக்குக் கோப்பை போய் மிச்சத்தைத் தேட முடியும்.

அப்படியானால் விஸ்கான்சினில் ஏன் வித்தியாசம் வரவில்லை? அங்கே துலியத்தோடு மோதியது சாதாரண ஹோல்மியம் இல்லை, துடிப்பை வடிவமைக்கும் வசதியுள்ள மேம்பட்ட ஹோல்மியம். பெர்கனில் பயன்படுத்தியதில் அந்த வசதி இல்லை. பழைய ஹோல்மியத்தோடு ஒப்பிட்டால் சிறுநீரகக் கல்லில் துலியம் முந்துகிறது. புது ஹோல்மியத்தோடு ஒப்பிட்டால் சமமாக நிற்கிறது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவை வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. இயந்திரத்தின் தலைமுறையைச் சொல்லாமல் ‘ஹோல்மியத்தைவிடத் துலியம் சிறந்தது’ என்று விளம்பரம் செய்வது பாதி உண்மை. இரண்டிலும் ஒரே மையத்தில், நூற்றிச் சொச்சம் பேரை வைத்துத்தான் சோதித்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

வெப்பத்தைப் பற்றி இரு தரப்பும் குறைவாகவே பேசுகின்றன. துலியம் அதிகம் சுடும் என்று ஹோல்மியம்காரர்களும், குறைந்த ஆற்றலில் வேலை செய்வதால் பாதுகாப்பானது என்று துலியம்காரர்களும் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறுநீரகத்தின் உள்ளறையில் 10 மில்லி நீர் ஓட்டமில்லாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 வாட் லேசர் நொடிக்கு 20 ஜூல் கொட்டுகிறது. 10 கிராம் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 42 ஜூல் போதும். ஆகவே இரண்டு நொடிக்கு ஒரு டிகிரி. 37 டிகிரியில் தொடங்கினால் 13 நொடிக்குள் 43 டிகிரி. அந்த வெப்பத்தில் திசு சேதமடைய இரண்டு மணி நேரம் ஆகும் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த அவகாசம் பாதியாகும். 50 டிகிரியில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. இந்தக் கணக்கில் உலோகத்தின் பெயர் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வாட், மிதியில் கால் இருக்கும் நேரம், நீரோட்டம் இந்த மூன்றும்தான். 20 வாட் எந்த லேசரிலிருந்து வந்தாலும் நீரைச் சூடாக்குவது ஒரே மாதிரிதான். அறை வெப்பநிலையில் உள்ள உப்புநீர் தொடர்ந்து பாய்ந்துகொண்டிருந்தால் சூடு கரைந்துபோகும். நின்றால் ஆபத்து. இந்த வெப்பக் காயம் அப்போது திரையில் தெரியாமலே போகலாம்; பல வாரம் கழித்து யூரிட்டர் சுருங்கியதாகத் தெரியவரும்.

நீரை அதிகமாக, வேகமாகச் செலுத்துவதிலும் சிக்கல் உண்டு. சிறுநீரகத்துக்குள் அழுத்தம் கூடி, நீரும் அதிலுள்ள கிருமியும் ரத்தத்துக்குள் திரும்பலாம். அறுவைக்குப் பின் வரும் கடுமையான காய்ச்சலுக்கு இது முக்கியமான காரணம். சிகிச்சை 90 நிமிடத்தைத் தாண்டினால் தொற்றின் அபாயம் கூடுகிறது. அதனால்தான் பெரிய கல்லை ஒரே நாளில் முடித்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்காமல், இரண்டாம் முறைக்கு நாள் குறித்துக் கொடுக்கும் மருத்துவரைக் குறைசொல்லக் கூடாது.

தூசி எங்கே போகிறது?

கல்லைத் தூசியாக்கிவிட்டால் எல்லாம் சிறுநீரில் போய்விடும் என்பது நம்பிக்கை. பெரும்பாலும் போகும். ஆனால் அடிக்கோப்பையில் இருக்கும் தூசி மேல்நோக்கி ஏறித்தான் வெளியே வர வேண்டும். படுத்த நிலையில் சிறிது வரும், மீதி தங்கும். ‘கல் போய்விட்டது’ என்று அறிக்கையில் எழுதும்போது சிலர் 4 மி.மீ.க்குக் குறைவான துண்டுகளை விட்டுவிடுகிறார்கள், சிலர் 2 மி.மீ.க்குக் குறைந்ததை, சிலர் துளிகூட இருக்கக் கூடாது என்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்தால் தெரியாத துண்டு சி.டி. ஸ்கேனில் தெரியும். ஆகவே ஒரு மருத்துவமனை 95 சதவீத வெற்றி என்றும் இன்னொன்று 75 சதவீதம் என்றும் சொன்னால், எதைக்கொண்டு அளந்தார்கள் என்று கேட்காமல் எடை போட முடியாது.

மிச்சத் துண்டு அற்பமானதும் அல்ல. யூரிட்டர் வழியாக ஸ்கோப் செலுத்திச் செய்யும் சிகிச்சைக்குப் (யூரிட்டரோஸ்கோப்பி) பிறகு துண்டுகள் தங்கிய 232 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாகத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்டார்கள். 44 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு வந்தது. 29 சதவீதம் பேர் மறுபடியும் சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. 4 மி.மீ.க்கு மேற்பட்ட துண்டுகள் வளர்வதும் சிக்கல் தருவதும் அதிகம்.

இங்கேதான் அடுத்த மாற்றம் வந்துகொண்டிருக்கிறது, அது லேசரில் இல்லை. ஸ்கோப் போவதற்காக யூரிட்டரில் செருகும் உறையின் நுனியை வளையும்படி செய்து, அதில் உறிஞ்சும் வசதியையும் சேர்த்திருக்கிறார்கள். ஸ்கோப் திரும்பும் திசையில் உறையும் வளைந்து கோப்பை வரை போகும். தூசி கிளம்பக் கிளம்ப உறிஞ்சி எடுத்துவிடும். நீரும் வெளியே இழுக்கப்படுவதால் அழுத்தம் குறைகிறது, புதிய நீர் வர வழி கிடைப்பதால் சூடும் குறைகிறது. துலியத்தின் நுண்தூசிக்கு இது நல்ல துணை. சிறுநீரகத்துக்குள் கல் உள்ள ஒருவருக்கு, துலியமா ஹோல்மியமா என்ற கேள்வியைவிட உறிஞ்சும் உறை பயன்படுத்துகிறார்களா என்ற கேள்வி இனிவரும் ஆண்டுகளில் கூடுதல் பலன் தரும் என்பது என் மதிப்பீடு.

இயந்திரத்தின் பொருளாதாரம் வேறு கதை. ஆற்றல் மிக்க ஹோல்மியம் இயந்திரம் வாங்கும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் ஒளியாகும், மற்றதெல்லாம் வெப்பம். அதைத் தணிக்க உள்ளே நீர்க்குளிர்விப்பு, அதற்குத் தனி மின்னிணைப்பு, இரைச்சல், எடை. உள்ளே இருக்கும் கண்ணாடிகள் தள்ளுமுள்ளில் அசைந்தால் சரிசெய்ய ஆள் வர வேண்டும். துலியம் இயந்திரம் சிறியது, காற்றிலேயே குளிரும், சுவரில் உள்ள சாதாரணப் பிளக்கில் ஓடும். மாவட்டத் தலைநகருக்கு அப்பால் உள்ள ஒரு சிறு மருத்துவமனைக்கு இது பெரிய விஷயம். ஒரே இயந்திரத்தை இரண்டு அரங்குகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டு போகலாம். துலியம் பரவினால் அதன் உண்மையான சேவை இங்கேதான் இருக்கும் என்று நம்புகிறேன்: பெருநகரத்தில் ஏற்கெனவே நல்ல சிகிச்சை பெறுபவருக்கு எட்டு நிமிடம் மிச்சமாவதில் இல்லை, வளையும் ஸ்கோப்பும் லேசரும் இதுவரை எட்டாத ஊர்களுக்கு எட்டுவதில்.

இனி, எந்த லேசரும் தேவைப்படாத கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூரிட்டரில் இருக்கும் 5 மி.மீ. வரையிலான கற்களில் மூன்றில் இரண்டு பங்கு தானாகவே இறங்கிவிடும். வலிக்கு மருந்து, சில வாரக் காத்திருப்பு, இடையில் ஒரு சோதனை. யூரிக் அமிலக் கல்லைச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் சிட்ரேட் மருந்தால் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கல்லுக்கு அப்படிக் கரைக்கும் மருந்து கிடையாது. வாழைத்தண்டுச் சாறும் அதைக் கரைத்துவிடாது. 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல் என்றால், முதுகுப் பக்கம் துளையிட்டு எடுக்கும் பி.சி.என்.எல். முறையைத்தான் ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் முதலில் வைக்கின்றன. கீழ்வழி லேசரால் அதைச் செய்யப் போனால் இரண்டு மூன்று முறை மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம். அதே சமயம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு அதிர்வலையும் முதுகுத் துளையும் ஆபத்து. கீழ்வழி லேசர்தான் அவருக்கு ஏற்றது. இதில் ஹோல்மியமும் துலியமும் இரண்டுமே பயன்படும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கல் அடைத்துக்கொண்டு குளிர்காய்ச்சலும் வந்துவிட்டால் அது அவசரம். அன்றைக்கு எந்த லேசரும் கூடாது. முதலில் யூரிட்டருக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தோ, முதுகு வழியாகக் குழாய் போட்டோ சிறுநீரை வடியவிட வேண்டும். தொற்று அடங்கிய பிறகுதான் கல்லைத் தொட வேண்டும். சீழ் தேங்கிய சிறுநீரகத்தில் ஸ்கோப்பைவிட்டு நீர் செலுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்? கல் எத்தனை மி.மீ., எந்த இடத்தில், சி.டி. ஸ்கேனில் அதன் அடர்த்தி எண் என்ன என்பதை முதலில். ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் 1,000-க்கு மேல் என்றால் பொதுவாகக் கெட்டியான கல். அதிர்வலைக்கு மசிவது கடினம், லேசருக்கும் நேரம் பிடிக்கும். அறுவைக்கு முன், கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிறுநீர் கல்ச்சர் எடுத்தார்களா என்பது அடுத்தது. பிறகு, ஒரே தடவையில் முடியுமா, முடியாவிட்டால் அடுத்தது எப்போது, மிச்சம் இருக்கிறதா என்று எதைக்கொண்டு பார்ப்பார்கள். இவற்றுக்கெல்லாம் தெளிவான பதில் கிடைத்தால், லேசர் எந்த வகை என்பது கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

சிகிச்சைக்குப் பிறகு யூரிட்டரில் டி.ஜே. ஸ்டென்ட் வைப்பது வழக்கம். ஓரிரு வாரம் எரிச்சலும் அடிக்கடி போகும் உணர்வும் இருக்கும், சிறுநீரில் லேசாக ரத்தமும் தெரியலாம். அதை எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். வலி போய்விட்டது என்று மறந்துபோய் மாதக்கணக்கில் விட்டவர்களுக்கு, ஸ்டென்டின் மேலேயே கல் படிந்து, அதை எடுக்கவே தனி அறுவை தேவைப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் தூசியாக்கிவிடும் முறையில் ஒரு நஷ்டம் உண்டு. என்ன வகைக் கல் என்று சோதிக்கத் துண்டு மிஞ்சாமல் போகலாம். ஒரு சில்லையாவது எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேட்பது நல்லது. ஏனென்றால் லேசர் இருக்கும் கல்லை எடுக்கிறது. அடுத்த கல்லை அது தடுக்காது. இத்தாலியில் போர்கி குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் முறை கல் வந்தவர்களில் ஒரு சாராரை, தினம் 2 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கவைத்தார்கள். ஐந்தாண்டில் அவர்களில் 12 சதவீதம் பேருக்குக் கல் திரும்பியது. மற்றவர்களில் 27 சதவீதம். அதே குழு 2002-ல், அடிக்கடி கல் வரும் ஆண்களிடம் உணவைச் சோதித்தது. கால்சியத்தைக் குறைத்தவர்களுக்கு ஐந்தாண்டில் 38 சதவீதம். கால்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கு 20 சதவீதம். பாலும் தயிரும் கல்லை உண்டாக்கும் என்று வீட்டில் நிறுத்திவைத்திருப்பவர்கள் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா என்று, கல்லின் வகை தெரிந்ததும் மருத்துவரிடம் கேளுங்கள். குறைக்க வேண்டியது பெரும்பாலும் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று தட்டில் ஓரமாக வரும் உப்பைத்தான்.